ஈரோட்டுல என்ன தெரியுதுங்க?

அந்த அக்கா போனில் பேசுவதைப் புதிதாகக் கேட்பவர்கள், கோயில் சுற்றுலா ஏதோ நடத்துகிறார் என்றுதான் நினைப்பார்கள். "ஏனுங்க, உங்களுக்குக் குலதெய்வம் எங்கீங்க? காங்கேயம் பக்கமுங்களா? செரீங்க, செரீங்க." வைத்துவிடுவார். ஒரு மணி நேரம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடியும் போன். "தொந்தரவுக்கு மன்னிச்சுக்கோணுமுங்க. நோம்பிக்கு எந்தக் கோயிலுக்குப் போவீங்க? கெடா வெட்டறதுங்களா, பொங்கல் வெக்கறது மட்டுந்தானுங்களா?" சாயங்காலம் அந்த ஊரில் தனக்குத் தெரிந்த யாரையாவது தேடிப் பிடித்து மூன்றாவது முறை. மூன்று பதிலும் ஒன்றாக இருந்தால்தான் அந்த வரனின் தாளில் பச்சை மையில் ஒரு டிக் விழும்.

கோவையில் ஒரு திருமணத் தகவல் மையத்தில் அவருக்கு வேலை. வரன் பதிவு செய்கிறவர்கள் எழுதிக் கொடுக்கும் கூட்டம் சரிதானா என்று பார்க்க வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இதைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்துக் குடியானவக் குடும்பங்கள் ஒவ்வொன்றும் ஏதாவது ஒரு கூட்டத்தைச் சேர்ந்தவை; குலதெய்வக் கோயிலை வைத்தே கூட்டத்தைச் சொல்லிவிடலாம். ஒரே கூட்டத்துக்காரர்கள் எத்தனை தலைமுறை தள்ளிப்போயிருந்தாலும் பங்காளிகள்; அவர்களுடைய பிள்ளைகள் அண்ணன் தங்கை. பெண் கொடுத்து எடுக்க முடியாது. ஜாதகம் பொருந்தவில்லை என்றால் வேறு ஜோசியரைப் பார்க்கிறவர்கள்கூட, கூட்டம் ஒன்று என்று தெரிந்துவிட்டால் பேச்சை அதோடு விட்டுவிடுவார்கள். ஆகவே தகவல் மையத்தில் எது தப்பாக இருந்தாலும் கூட்டம் தப்பாக இருக்கக்கூடாது.

நான் அந்த மையத்துக்கு இணையதளம் எழுதிக் கொடுக்கப் போனவன். சரவணம்பட்டியில் எங்கள் கம்பெனி. மொத்தமே ஆறு பேர். புதிதாக என்னை அந்த வேலைக்குப் பொறுப்பாளன் ஆக்கியிருந்தார்கள். முதல் நாள் போனபோது அந்த அக்கா என் விசிட்டிங் கார்டை வாங்கி முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். "உக்காருங்க தம்பி, காபி சாப்பிடறீங்களா?" என்று அன்பாக உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய் எங்கள் கம்பெனிக்குப் போன் போட்டு இப்படி ஒருவன் இருக்கிறானா என்று கேட்டிருக்கிறார். அதுவும் கார்டில் இருந்த நம்பருக்குப் போடவில்லை. அது நான் கொடுத்த நம்பர் அல்லவா? வேறெங்கோ தேடி எடுத்த நம்பருக்குப் போட்டார். எங்கள் ரிசப்ஷன் பெண் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஐம்பதை ஒட்டிய வயது. கருமத்தம்பட்டியில் வீடு, வீட்டோடு ஒட்டிய ஷெட்டில் அவர் கணவர் நான்கு விசைத்தறி போட்டிருந்தார். அந்தச் சத்தத்தில் பேசிப் பழகியதால் அக்காவுக்குக் குரல் கொஞ்சம் உயரம். தினமும் பஸ்ஸில்தான் வருவார். அவிநாசி ரோட்டில் போகும் சில பஸ்கள் கருமத்தம்பட்டியில் நிற்காது என்பதால் கண்டக்டரிடம் கேட்பார். கண்டக்டர் நிற்கும் என்றால் டிரைவரிடம் கேட்பார். டிரைவரும் நிற்கும் என்றால் உட்கார்ந்த பிறகு பக்கத்து சீட்டில் இருப்பவரிடம் கேட்பார். ஒருமுறை அந்தப் பக்கத்து சீட்டு நான். நாலு வருஷமாக அதே பஸ்ஸில் போகிறவர் என்பது அப்போதுதான் தெரிந்தது.

அவர் யாரையும் திட்டி நான் கேட்டதில்லை. சந்தேகம் கூடக் கூட மரியாதையும் கூடும், அவ்வளவுதான். நம்புகிறவர்களை "வா கண்ணு, போ கண்ணு" என்பார். நம்பாதவர்களிடம் ஒரு வாக்கியத்தில் நாலு 'ங்க' போடுவார். மையத்தில் இருந்த நாள்வரை என்னிடம் ஐந்துக்குக் குறைந்ததில்லை.

இனி நான் செய்த வேலைக்கு வருகிறேன். கோவை மையத்துக்காரர், அதாவது ஓனர், ஈரோட்டில் இதே தொழில் செய்துகொண்டிருந்த ஒருவருடன் கூட்டுச் சேர்ந்திருந்தார். இரண்டு ஊர் வரன்களும் ஒரே இணையதளத்தில் தெரிய வேண்டும். ஆனால் ஈரோட்டுக்காரர், "எங்க டேட்டா எங்க கையிலதான் இருக்கோணும். உங்க பொட்டியில கொண்டாந்து கொட்ட முடியாதுங்க" என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டார். கூட்டுச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத இருவருக்கும் அவ்வளவு நம்பிக்கை. அதனால் ஒரே இணையதளம், இரண்டு டேட்டாபேஸ் என்று முடிவானது. ஈரோட்டில் அவர்கள் தங்களுடைய பழைய புரோகிராமிலேயே வேலை பார்ப்பார்கள். கோவையில் என்னுடைய புதிய இணையதளம் இரண்டையும் படிக்கும்.

இதற்கெல்லாம் நாங்கள் பயன்படுத்தும் வெப் ஃபிரேம்வொர்க்கில் வசதி இருக்கிறது. எந்த விவரத்துக்கு எந்த டேட்டாபேஸுக்குப் போக வேண்டும் என்று வழி சொல்ல ஒரு சின்ன ஃபைல் எழுத வேண்டும். அதற்கு ரவுட்டர் என்று பெயர். அதில் வழி சொல்லாத எதுவும் பேசாமல் முதல் டேட்டாபேஸுக்குப் போய்விடும். என் முதல் டேட்டாபேஸ் கோவை. நான் ரவுட்டர் எழுதினேன், என் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்த்தேன், பிரமாதமாக ஓடியது. மையத்தில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு இனிப்பு வாங்கிக் கொடுத்தேன். அக்கா இனிப்பை வாங்கிக்கொண்டார், இணையதளத்தை ஏற்றுக்கொள்ளவில்லை.

ஒரு வரனைத் திருத்தி சேவ் செய்வார். "சேமிக்கப்பட்டது" என்று பச்சையில் வரும். அதைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பார். பிறகு எழுந்துபோய் வேறு கம்ப்யூட்டரில் அதே வரனைத் திறப்பார். அதுவும் சரியாக இருந்தால் என்னிடம் வருவார். "இங்க செரியாத் தெரியுதுங்க தம்பி. ஈரோட்டுல என்ன தெரியுதுங்க?"

"ரெண்டும் ஒண்ணுதாங்க்கா."

"செரீங்க. நீங்க சொன்னா செரிதானுங்க. இருந்தாலும் ஈரோட்டுல என்ன தெரியுதுங்க?"

ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை இந்தக் கேள்வி வரும். பக்கத்தில் இருந்தவர்கள் சிரிப்பார்கள். நானும் அவர் குரலிலேயே எங்கள் ஆபீஸில் சொல்லிக் காட்டி நல்ல பேர் வாங்கினேன். ஒரு தடவைகூட ஈரோட்டுக்குப் போன் போட்டுக் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் ஈரோட்டில் இருந்து புகார் வந்தது. கோவையில் யாரோ தங்கள் வரன்களின் கூட்டத்தை மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். தாங்கள் சரி செய்தாலும் இரண்டு நாளில் மறுபடி மாறிவிடுகிறது. எல்லா வரன்களும் இல்லை, குறிப்பிட்ட சிலர் மட்டும். ஓனர் என்னைக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏந்தம்பி, யாரு எப்ப மாத்துனாங்கன்னு கம்ப்யூட்டர்ல பதிவாகுமுங்களா?"

"ஆகுமுங்க."

"வெளிய தெரியாம எடுத்துக் குடுங்க."

எடுத்தேன். பக்கம் பக்கமாக அந்த அக்காவின் பெயர். கீரன் கூட்டம் என்று மாற்றியிருக்கிறார், ஈரோட்டுக்காரர்கள் திருத்தியிருக்கிறார்கள், அவர் மறுபடி மாற்றியிருக்கிறார். ஒரே பெண்ணின் தாளில் ஐந்து முறை. எனக்கு உடம்பெல்லாம் சுறுசுறுப்பு வந்துவிட்டது. இத்தனை நாள் எல்லோரையும் சந்தேகப்பட்டவரை இப்போது நான் சந்தேகப்படுகிறேன் என்பதில் ஒரு ருசி இருந்ததை மறைப்பானேன்?

அதற்குப் பிறகு அவர் செய்த எல்லாமே எனக்கு வேறு மாதிரித் தெரிந்தது. போன் வந்தால் வராந்தாவுக்குப் போய்ப் பேசுகிறாரே, ஏன்? சின்ன நோட்டு ஒன்றில் எதையோ எழுதி ஹேண்ட்பேக்கில் வைத்துக்கொள்கிறாரே, ஏன்? நான் பக்கத்தில் போனால் திரையைச் சின்னதாக்குகிறாரே? ஒரே கூட்டத்துப் பையனையும் பெண்ணையும் சேர்த்துவைக்க வேண்டுமானால் ஒருவருடைய கூட்டத்தை மாற்றி எழுதினால் போதும். யாருக்காகவோ செய்கிறார் என்று முடிவு கட்டினேன். எங்கள் ஊரில் ஒருவரைப் பற்றி இதைவிடக் கேவலமாக ஒன்றும் சொல்லிவிட முடியாது.

ஓனர் அறையில் அவரை உட்கார வைத்தார்கள். நான் எடுத்த தாள்கள் மேஜைமேல் இருந்தன.

"ஏன் அம்மணி, இப்பிடி மாத்தி மாத்தி எழுதியிருக்கறீங்க? யாருக்காச்சும் வேண்டிப் பண்ணுனீங்களா?" என்றார் ஓனர்.

அக்காவின் முகம் சிவந்தது. ஆனால் குரல் ஏறவில்லை. "தப்பா இருந்துச்சுங்க. அவிய ஊட்டுக்குப் போன் போட்டுக் கேட்டுத் திருத்துனேனுங்க. மறுபடி தப்பாயிருச்சுங்க. மறுபடி திருத்துனேனுங்க." அந்தச் சின்ன நோட்டை எடுத்து மேஜையில் வைத்தார். "யாரு யாருகிட்டக் கேட்டேன்னு எழுதி வெச்சிருக்கறேனுங்க."

ஓனர் அதைத் திறக்கவில்லை. "தானா எப்பிடித் தப்பாகும்?" என்று என்னைப் பார்த்தார்.

"தானா ஆகாதுங்க" என்றேன்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "தம்பி, எனக்காவ ஒரே ஒரு ஒதவி பண்ணுங்க. ஈரோட்டுக்குப் போன் போட்டு ஸ்பீக்கர்ல வைங்க. இந்தப் புள்ளையோட தாளை இங்க நீங்க தொறங்க, அங்க அவங்க தொறக்கட்டுமுங்க. ஒரே நேரத்துல. ஈரோட்டுல என்ன தெரியுதுங்கன்னு கேட்டுப்போடலாமுங்க."

இரண்டு நிமிஷ வேலை. போன் மேஜையிலேயே இருந்தது. நான் சொன்னது இது: "அந்தப் புள்ளையோட டேட்டா ஒரே எடத்துலதாங்க்கா இருக்குது. எங்கிருந்து பார்த்தாலும் அதேதான் தெரியும். அதுக்கெல்லாம் தேவையில்லீங்க."

அன்றைக்கே அவருடைய பாஸ்வேர்டை ரத்து செய்தேன். வேலையை விட்டுப் போகச் சொல்லவில்லை. வாசலில் உட்கார்ந்து படிவம் கொடுக்கச் சொன்னார்கள். ஒரு வாரம் உட்கார்ந்தார். அதற்குப் பிறகு வரவில்லை.

அடுத்த மாதமே விஷயம் வெடித்தது. ஆனைமலையில் இருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார், எங்கள் தாளை நம்பி ஈரோட்டுப் பக்கம் பெண் பார்க்கப் போனார்கள். பையன் கீரன் கூட்டம். பெண், அக்கா ஐந்து முறை திருத்திய அதே பெண்; தாளில் பூசன் கூட்டம் என்று அச்சாகியிருந்தது. அச்சிலேயே இருக்கிறதே என்று யாரும் மறுபடி கேட்கவில்லை. பையனும் பெண்ணும் பத்து நாளாகப் போனில் பேசிக்கொண்டிருக்கிறார்கள், பிடித்துப்போயிருக்கிறது. பூவும் பழமும் வைத்தாயிற்று, பலகாரம் வந்தாயிற்று. பையனின் அம்மா சும்மா பேச்சுக்கு, "உங்களுக்குக் கோயில் எங்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். பெண்ணின் அப்பா சொன்னதும் அந்தம்மா கையில் இருந்த காபியைக் கீழே வைத்துவிட்டார். இரண்டு வீட்டுக்கும் ஒரே கோயில். இரண்டும் கீரன் கூட்டம். வந்தவர்கள் சம்பந்திகளாக வந்து பங்காளிகளாகச் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். அந்தப் பெண் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஓனர் என்னிடம் கத்தினார். இந்த முறை பழி போட அக்கா இல்லை. அவருடைய பாஸ்வேர்டு செத்து ஒரு மாதம் ஆயிற்று. அவர் கடைசியாகத் திருத்தியதை ஈரோட்டுக்காரர்கள் மாற்றியதோடு சரி, அதற்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை. நான் அந்தப் பெண்ணின் தாளைத் திறந்து வைத்துக்கொண்டு ஈரோட்டுக்குப் போன் போட்டேன்.

"உங்க ஸ்கிரீன்ல இந்தப் புள்ளைக்கு என்ன கூட்டமுங்க காட்டுது?"

"கீரன்னுதானுங்க காட்டுது. எப்பவுமே அதானுங்க."

என் திரையில் பூசன்.

அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அவ்வளவு சின்னத் தப்பு. வரனின் தாளில் கூட்டத்தின் பெயர் பதிவாவதில்லை. ஒரு எண் மட்டும்தான். அந்த எண்ணுக்கு என்ன பெயர் என்பது கூட்டங்களின் பட்டியலில் இருக்கும். அந்தப் பட்டியல் ஈரோட்டில் ஒன்று, கோவையில் ஒன்று. பெரும்பாலான கூட்டங்களுக்கு இரண்டிலும் ஒரே எண்தான். பின்னால் சேர்த்த சில மட்டும் மாறியிருந்தன. ஈரோட்டுப் பட்டியலில் நாற்பத்தொன்று கீரன். கோவைப் பட்டியலில் நாற்பத்தொன்று பூசன். ரவுட்டரில் வரன்களுக்கு வழி சொன்ன நான், கூட்டப் பட்டியலுக்கு வழி சொல்ல மறந்துவிட்டேன். ஆகவே இணையதளம் எண்ணை ஈரோட்டில் இருந்தும் பெயரைக் கோவையில் இருந்தும் எடுத்தது. என் கம்ப்யூட்டரில் இது தெரியாமல் போனதற்கும் நான்தான் காரணம். சோதனைக்காக நான் வைத்திருந்த இரண்டு டேட்டாபேஸும் கோவையின் நகல்கள்.

அக்கா கீரன் என்று சரியாகத் திருத்தினார். அது கோவைப் பட்டியலின் எண்ணாகப் போய் ஈரோட்டில் உட்கார்ந்தது. அங்கே அது வேறொரு கூட்டமாகத் தெரிந்தது. அவர்கள் சரியாகத் திருத்தினார்கள். இங்கே பூசன் ஆயிற்று. இரண்டு ஊரிலும் பொய் சொன்னவர்கள் ஒருவர்கூட இல்லை. நான் குற்றம் என்று அச்சடித்துக் கொடுத்த ஒவ்வொரு வரியும் அவர் நாலு பேரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டு போட்ட திருத்தம்.

ரவுட்டரில் ஒரு வரி சேர்த்தேன். மாறியிருந்த எண்களைச் சரி செய்தேன். ஓனரிடம் போய், "டேட்டாபேஸ் கனெக்ஷன்ல ஒரு சின்னப் பிரச்சினைங்க. சரி பண்ணியாச்சுங்க" என்றேன்.

"அந்தம்மா கெடுத்து வெச்சதுங்களா?"

இல்லை என்று சொல்ல ஒரே ஒரு வார்த்தை போதும். "அதுவும் இருக்கலாமுங்க" என்றேன். அப்போதுதான் பொறுப்பாளன் ஆகியிருந்தேன். அந்த மையம் கையைவிட்டுப் போனால் எங்கள் கம்பெனியில் என் நாற்காலியும் போகும் என்று பயந்தேன்.

பயம் ஒரு மாதம் தாங்கியது. பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கருமத்தம்பட்டிக்குப் போனேன். அக்கா ஷெட்டில் தறிக்கான நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்தார். வேறு இரண்டு மையங்களில் வேலை கேட்டுப் போயிருக்கிறார், யாரும் சேர்க்கவில்லை. என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்க தம்பி, உள்ள வாங்க" என்றார். நடையில் உட்கார வைத்துச் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஒரு காகிதத்தில் இரண்டு பட்டியல் போட்டு எண்களை எழுதிக் காட்டினேன். ஓனருக்கு எவ்வளவு சொன்னாலும் ஏறியிருக்காது. அக்காவுக்கு ஒரே தடவையில் ஏறிவிட்டது.

"அப்ப நான் போட்டது இங்க செரி, அங்க தப்பு. அவங்க போட்டது அங்க செரி, இங்க தப்பு. அப்பிடித்தானுங்களா?"

"ஆமாங்க்கா. தப்பு என்னோடதுதான்."

என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும்.

"எங்கிட்டச் சொல்லி என்னாகறதுங்க தம்பி? நான் பண்ணலைன்னு எனக்குத் தெரியுமுங்களே. எம்புள்ளைக்கு மாப்பிள்ளை பாத்துட்டிருக்கறமுங்க. வாரவங்க எல்லாம் மொதல்ல அதையத்தானுங்க விசாரிக்கறாங்க, கூட்டத்தை மாத்தி எழுதுன அந்தம்மா ஊடுதானேன்னு. நீங்க ஓனருகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. அவரு நாலு பேருகிட்டச் சொன்னாப் போதுமுங்க."

"கட்டாயம் சொல்றேனுங்க்கா."

"இப்பவே போன் பண்ணிச் சொல்லிப்போடுங்களேன்."

போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனேன். ஓனரின் நம்பரை எடுத்தேன். அழுத்தவில்லை. காதில் வைத்துக்கொண்டு, தறிச் சத்தத்துக்கு நடுவே, ரிங் போவதாகப் பாவனை செய்துகொண்டு நின்றேன். வாசற்படியில் நின்று அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்தேன்.

"எடுக்கலீங்க்கா. நாளைக்கு நேர்லயே போய்ச் சொல்லிப்போடறேனுங்க."

போனைக் காட்டுங்கள் என்று கேட்பார், நான் மாட்டிக்கொள்வேன் என்று நினைத்தேன். மறுபடி ஒரு தடவை போடுங்கள் என்றாவது சொல்வார், தன் போனில் இருந்தாவது கூப்பிட்டுப் பார்ப்பார் என்று நினைத்தேன். ஒன்றும் கேட்கவில்லை. "செரி கண்ணு" என்றார். பிறகு ஷெட் பக்கம் திரும்பி, தறிச் சத்தத்தையும் மீறி அவர் கணவரைக் கூப்பிட்டுச் சத்தமாகச் சொன்னார். "ஏனுங்க! தம்பி நாளைக்கு ஓனருகிட்டச் சொல்லிப்போடறாராமுங்க! இனி ஒண்ணும் பயமில்லீங்க!"

மறுநாள் மையத்துக்குப் போனேன். ஓனரோடு டீ குடித்தேன். வேறு என்னென்னவோ பேசிவிட்டு வந்துவிட்டேன். அதற்கு மறுநாளும் சொல்லவில்லை. சொன்னேனா என்று கேட்டு அந்த அக்காவிடமிருந்து போன் வரும் என்று பல நாள் எதிர்பார்த்தேன். வரவே இல்லை. நான் சொல்லிவிட்டேன் என்றுதான் இன்றைக்கும் நம்பிக்கொண்டிருக்கிறார்.